கியர் விழாத படகு

அந்தப் படகுக்கு முன்னே போகத் தெரியும், நிற்கத்தான் தெரியாது. லீவரை நியூட்ரலுக்கு இழுத்த பிறகும் புரொப்பெல்லர் சுழன்றுகொண்டே இருக்கும். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தால்தான் அடங்கும். ஒரு மாலை அதன் சொந்தக்காரர் கரைக்கு வரும்போது சாவியைத் தொடக் கொஞ்சம் பிந்திவிட்டார். படகின் மூக்கு இறங்குதுறைக் கட்டையில் மோதி ஒரு முழத்துக்குக் கிழிந்தது. உள்ளே இருந்த குழந்தை ஒன்று தடுமாறி விழுந்ததாம். காயமில்லை. ஆனாலும் மறுநாள் காலை கட்டுகஸ்தோட்டை வீதியில் இருந்த எங்கள் கராஜுக்கு அவர் வந்தபோது, அந்தப் பதற்றம் முகத்தைவிட்டு இறங்கியிருக்கவில்லை.

அது 1996. எனக்கு 18 வயது. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கராஜ் நடத்தியவர் ஒரு சிங்களப் பெரியவர். ஊரே அவரைப் பாஸ் என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். அவர் என்னை மல்லி என்பார், தம்பி என்று அர்த்தம். லொறி, பஸ், நெல் குத்தும் ஆலையின் டீசல் எஞ்சின் என்று எது வந்தாலும் பார்ப்பார். இளவயதில் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் சில வருடங்கள் வேலை செய்தவர் என்பதால், கண்டியைச் சுற்றி யாராவது படகு வைத்திருந்தால் கடைசியில் அவரைத்தான் தேடி வருவார்கள்.

மலைநாட்டுக்குப் படகு ஏது என்று கேட்பவர்கள் மகாவலியை மறந்துவிடுகிறார்கள். 1976இல் பொல்கொல்லையில் அணைக்கட்டு வந்து கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஆற்றின் வேகத்தைத் தணித்தது. அங்கே திருப்பப்பட்ட நீர் சுரங்கவழியாக உக்குவெலைக்குப் போய் மின்சாரமாகி, வடக்கே வயல்களுக்கு இறங்குகிறது. பொல்கொல்லைக்குக் கீழே, திகனைக்கும் தெல்தெனியவுக்கும் அப்பால், பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்ட விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது. 122 மீற்றர் உயரம், இலங்கையில் அதைவிட உயர்ந்த அணை கிடையாது. நிரம்பினால் 72 கோடி கன மீற்றருக்கு மேல் நீர் நிற்கும். பழைய தெல்தெனிய நகரம் அந்த நீருக்கடியில்தான் கிடக்கிறது. மலைகளுக்கு நடுவே திடீரென்று ஒரு கடல் வந்ததுபோல எங்களுக்கு இருந்தது. கடல் வந்தால் படகும் வரும்தானே.

ஆனால் 1996இல் அந்தக் கடல் சுருங்கிக் கிடந்தது. மழை பொய்த்த வருடம். நீர் மின்சாரத்தையே நம்பியிருந்த நாட்டில் மணிக்கணக்காக மின்வெட்டு. கராஜில் லேத் மெஷின் பகலில் பாதி நேரம் துணி போர்த்திக் கிடந்தது. வேலை கையால் ஓடியது.

நானும் பாஸும் மறுநாளே புறப்பட்டோம். குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறி, தென்னகும்புர, குண்டசாலை வழியாகத் திகனைக்கு. ஆயுதப்பெட்டி என் மடியில். யுத்தம் நடந்த அந்த நாட்களில் ஒரு தமிழ்ப் பையன் இரும்புச் சாமான் நிறைந்த பெட்டியோடு அணைக்கட்டுப் பக்கம் போவது சின்ன விஷயமல்ல. வழியில் சோதனைச் சாவடியில் இறங்கச் சொன்னார்கள். அடையாள அட்டையை நீட்டினேன். பெட்டியைத் திறந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன் பாஸ் பக்கத்தில் வந்து நின்று, "இவன் என் கோலயா" என்றார். கோலயா என்றால் சீடன், தொழில் பழகுகிறவன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஸ்பெனராக எடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். பஸ்ஸில் மறுபடி ஏறிய பிறகும் அவர் அதைப்பற்றிப் பேசவில்லை. ஆனால் ஒன்றரை வருடத்தில் என்னை அவர் அப்படிச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சொல்லுக்குத் தகுதியாக இருக்கவேண்டும் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டே போனேன்.

படகைத் தண்ணீரிலிருந்து இழுத்து டிரெய்லரில் ஏற்றி வைத்திருந்தார்கள். நீர்மட்டம் இறங்கியதால் பழைய கரைக்கும் தண்ணீருக்கும் இடையே வெடித்த சேறு நெடுந்தூரம் பரந்து கிடந்தது. நான் அதுவரை பார்த்த படகு எஞ்சின்கள் எல்லாம் பின்பலகையில் வெளியே தொங்கும் அவுட்போர்ட்கள். இது வேறு மாதிரி. மோட்டார் கார் எஞ்சின்போல ஒன்று படகுக்குள் பின்பக்கம் உட்கார்ந்திருந்தது. அதன் சக்தி பின்பலகையைத் துளைத்து வெளியே போய், ஒரு கால்போலத் தண்ணீருக்குள் இறங்கியது. ஸ்டெர்ன்டிரைவ் என்று பெயர். பாஸ் 'கால்' என்றே சொல்வார். வொல்வோ பென்டா நிறுவனம் 1959இல் அக்குவாமேட்டிக் என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது என்று பின்னாளில் வாசித்தேன். எஞ்சின் உள்ளே பத்திரமாக இருக்கும். கால் வெளியே திரும்பும், மேலே தூக்கும். இரண்டு வசதியும் ஒன்றாகக் கிடைத்தன. அதற்கு விலையும் உண்டு. உள்ளேயிருந்து வெளியே போகும் ஒவ்வொன்றும், சுழலும் தண்டு, புகைவழி, கியர் கேபிள் எல்லாமே, பின்பலகையின் ஓட்டைகள் வழியாகத்தான் போகவேண்டும். அவற்றைத் தண்ணீரிடமிருந்து காப்பவை ரப்பர் துருத்திகள் மட்டுமே.

பாஸ் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். எஞ்சினிலிருந்து வரும் தண்டு காலின் மேற்பகுதியில் பல்சக்கரத்தைச் சுழற்றும். அது செங்குத்தான தண்டைச் சுழற்றும். கீழே போனதும் அந்தத் தண்டின் முனையிலுள்ள சின்னச் சக்கரம் இரண்டு பல்சக்கரங்களை ஒரே நேரத்தில் சுழற்றும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். எஞ்சின் ஓடும்வரை அவை இரண்டும் சும்மா சுழன்றுகொண்டுதான் இருக்கும். அவற்றுக்கு நடுவே, புரொப்பெல்லர் தண்டின்மேல், இருபக்கமும் முரட்டுப் பற்கள் கொண்ட ஒரு வளையம். அது முன்னால் நகர்ந்து முன்சக்கரத்தைக் கவ்வினால் படகு முன்னே போகும். பின்னால் கவ்வினால் பின்னே வரும். எதையும் கவ்வாமல் நடுவில் நின்றால் நியூட்ரல். கூம்பு வடிவத் தகட்டை உரசவைத்துப் பிடிக்கும் கால்களும் உண்டு. இது பல்லால் கவ்வும் வகை. அந்த வளையத்தை நகர்த்துவது ஒரு மெல்லிய கம்பி. ஓட்டுபவரின் கையிலிருந்து ஒரு கேபிள் எஞ்சின் வரை வரும். அங்கே ஒரு தகட்டில் முடிந்து, இன்னொரு கேபிளாகப் பின்பலகையைத் தாண்டிக் காலுக்குள் இறங்கும்.

சொந்தக்காரர் கதையை ஆதியிலிருந்து சொன்னார். முதலில் இருந்த கோளாறு வேறு. நியூட்ரலுக்கு இழுத்தால் எஞ்சின் நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் மறுபடி ஸ்டார்ட் செய்யவேண்டும். வேறொரு இடத்தில் காட்டினார். அவர்கள் காலைக் கழற்றி, கீழ்ப்பெட்டியைத் திறந்து, பல்லெல்லாம் நன்றாக இருப்பதைப் பார்த்து, ஒயில் மாற்றி மூடிக் கொடுத்தார்கள். அதன் பிறகு எஞ்சின் நிற்கவில்லை. சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு வாரத்தில் படகு கியரைவிட்டு வெளியே வர மறுத்தது.

பாஸ் இறங்குதுறையைப் பார்க்கப் போனார். பீப்பாயிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொடுத்து எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். தரையில் நிற்கும்போது இந்தக் காலுக்குத் தண்ணீர் ஊட்டவேண்டும். பக்கவாட்டில் நீர் உறிஞ்சும் துளைகளின்மேல் இரண்டு ரப்பர் கிண்ணங்களைக் கவிழ்த்துக் குழாயை மாட்டுவோம். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் விசிறி வெந்துபோகும். அதைச் செய்துகொண்டிருந்தபோது, எஞ்சின்மேல் கேபிள்கள் சந்திக்கும் அந்தத் தகட்டில் ஒரு சின்ன சுவிட்சையும், அதிலிருந்து கழற்றி டேப் சுற்றி ஒதுக்கிவைத்த ஒரு வயரையும் கண்டேன். கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமை. வயரை மாட்டினேன். ஸ்டார்ட் செய்து முன்கியரில் போட்டு நியூட்ரலுக்கு இழுத்தேன். எஞ்சின் நின்றுவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடி நின்றது. சரி, வேகம் போதவில்லை என்று நினைத்து ஐடில் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். ஊசி ஆயிரத்தைத் தாண்டியது. இப்போது எஞ்சின் நிற்கவில்லை. ஆனால் கியர் போடும்போது காலுக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம் எழுந்தது.

பாஸ் சேற்றில் ஓடிவந்து சாவியைத் திருப்பினார். "பல்லைக் கடிப்பது கேட்கவில்லையா மல்லி?"

அவர் கோபத்தில் கத்தவில்லை, வலித்ததுபோலத்தான் கேட்டார். ஐடிலைத் தன் கையால் 650க்கு இறக்கினார். வேகமாகச் சுழலும் சக்கரத்தில், நிற்கும் வளையத்தைக் கொண்டுபோய் மோதவைத்தால் பல்லின் விளிம்பு நொறுங்கும். மெதுவாகச் சுழலும்போதுதான் கவ்வ முடியும். நான் செய்தது கோளாறை நீக்கும் வேலை அல்ல. அது கண்ணில் படாமல் மறைக்கும் வேலை. மறைப்பதற்கு நல்ல பற்களைப் பலிகொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

பிறகு அவர் ஒரு ஸ்பெனரையும் தொடாமல் உட்கார்ந்தார். "பாதி பாதியாகப் பிரித்துப் பார்" என்றார். இன்றுவரை நான் விடாமல் செய்கிற காரியம் அதுதான். தகட்டில் சந்திக்கும் இரண்டு கேபிள்களையும் கழற்றச் சொன்னார். லீவரை ஆட்டினேன். வெண்ணெய்போல நகர்ந்தது. ஆக, கையிலிருந்து எஞ்சின் வரை குறையில்லை. பிறகு காலுக்குப் போகும் கேபிளின் முனையை இரண்டு விரலால் பிடித்துத் தள்ளச் சொன்னார். அது அசையவில்லை. முழுக் கையால் தள்ளியபோது முறுகி, விட்டு விட்டு நகர்ந்தது. குறை கேபிளிலா, காலுக்குள்ளா? அதற்குக் காலைக் கழற்றவேண்டும். ஆறு நட்டுகள். முன்கியரில் வைத்தால்தான் கழலும் என்று அவர் சொன்னதும், நான் லீவரைத் தள்ள, அவர் புரொப்பெல்லரைக் கையால் சுழற்றிக்கொண்டே இருந்தார். எஞ்சின் ஓடாதபோது புரொப்பெல்லரைத் திருப்பாமல் கியர் போடக்கூடாது. பல்லுக்கு நேரே பல் நின்றுவிட்டால் வளையம் இறங்க இடமிருக்காது. வம்புக்குத் தள்ளினால் கம்பி வளையும். கால் கழன்று வந்தது. அதன் உள்ளே இருக்கும் கியர்த்தண்டைக் கையால் திருப்பினோம். தடையே இல்லை. கேபிளைத் தள்ளினோம். அதே முறுகல்.

கேபிளைச் சுற்றியிருந்த ரப்பர் உறை வளைவில் வெடித்திருந்தது. தண்ணீர் உறைக்குள் புகுந்து, உள்கம்பி துருப்பிடித்து, அது ஓடும் பிளாஸ்டிக் குழாய் வீங்கியிருந்தது. ஒரு சாணுக்குள் அத்தனை கோளாறும் அடங்கிவிட்டது. அதற்காக யாரோ காலின் வயிற்றைத் திறந்திருக்கிறார்கள்.

"அப்படியென்றால் அந்த வயர்?" என்று கேட்டேன்.

அவர் இரண்டு கைவிரல்களையும் கோத்து இறுக்கினார். "இழு" என்றார். இழுத்தேன். வரவில்லை. பிறகு தன் பிடியை ஒரு கணம் தளர்த்தினார். விரல்கள் தானாகக் கழன்றன. கியருக்குள் போவதைவிட வெளியே வருவதுதான் கஷ்டம் என்றார். எஞ்சின் தள்ளிக்கொண்டே இருக்கும்வரை பல்லும் பல்லும் ஒன்றையொன்று அழுத்திப் பூட்டிக்கொள்கின்றன. அந்த அழுத்தம் ஒரு கணம் நீங்கினால்தான் வளையம் நழுவி நடுவுக்கு வரும். அதற்காகத்தான் அந்தச் சுவிட்ச். கேபிளில் இழுவை கூடும்போது தகடு சற்றே சாயும். சுவிட்ச் எஞ்சினின் தீப்பொறியை ஒரு கண்ணிமைக்கும் நேரம் நிறுத்தும். எஞ்சின் மூச்சடக்கும். அந்த இடைவெளியில் பல் விலகும். இழுவை தீர்ந்ததும் தகடு நேராகும், எஞ்சின் மறுபடி மூச்சுவிடும். ஓட்டுபவருக்கு ஒரு சின்னத் தும்மல்போல மட்டுமே கேட்கும். ஆனால் கேபிள் இறுகியிருந்தால் இழுவை தீராது. தகடு சாய்ந்தபடியே நிற்கும். மூச்சடக்கிய எஞ்சின் அப்படியே அணைந்துபோகும்.

அதாவது, எஞ்சின் நின்றது கோளாறே அல்ல. கேபிள் இறுகுகிறது என்று அந்தச் சுவிட்ச் தன்னால் முடிந்த ஒரே வழியில் சொல்லிக்கொண்டிருந்தது. யாரோ அதன் வயரைக் கழற்றிவிட்டார்கள். சத்தம் நின்றது. கேபிள் தொடர்ந்து இறுகியது. பிடியைத் தளர்த்த ஆளில்லாததால் ஒருநாள் பல் விலகவே இல்லை, படகு துறையில் மோதியது.

பாஸ் அந்த வயரைத் தூக்கிக் காட்டி ஒன்றைச் சொன்னார். சிங்களத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்: "முறையிட வந்தவனின் வாயைக் கட்டிவிட்டால் முறைப்பாடு தீர்ந்துபோகுமா, மல்லி?"

புதுக் கேபிள் கிடைப்பது லேசாக இருக்கவில்லை. கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் லொறிக்கும் காருக்கும் எதுவும் கிடைக்கும், இதற்குக் கிடைக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். சொந்தக்காரருக்கு அவசரம். மோட்டார் சைக்கிள் கிளட்ச் கேபிளை இணைத்து ஓட்டிப் பார்க்கலாமே என்று கேட்டார். பாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கேபிளுக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், இதற்கு இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். குழந்தை விழுந்த படகு என்பதை அவர் மறந்திருக்கவில்லை.

அந்த மூன்று வாரத்தில் ஒரு கருவி செய்தோம். கேபிளைப் பின்பலகைக் கூட்டில் பூட்டும் நட்டைச் சாதாரணச் சொக்கட்டால் பிடிக்க முடியாது. நட்டுக்கு நடுவே கேபிள் ஓடுவதால், பக்கத்தில் பிளவு உள்ள நீண்ட சொக்கட் வேண்டும். அதற்கென்றே விற்கும் கருவி எங்களிடம் இல்லை; லேத்துக்கு மின்சாரமும் இல்லை. தடித்த இரும்புக் குழாய் ஒன்றைக் கொல்லன் பட்டறையில் சிவக்கக் காய்ச்சி, அளவான ஆறுமுக போல்ட்டின் தலையில் செருகி, சுற்றிலும் அடித்து வடிவம் எடுத்தோம். பிளவை அரவாளால் நான் அறுத்தேன். இரண்டு நாள் பிடித்தது. அணையில் தண்ணீர் இல்லாததால் மின்சாரம் இல்லை, மின்சாரம் இல்லாததால் அதே அணையில் ஓடும் படகுக்கான கருவியைக் கையால் அறுக்கிறேன் என்று நினைத்தபோது, எல்லாம் ஒரே கம்பியில் கோத்திருப்பதுபோலத் தோன்றியது. ஒரு முனையில் இறுகினால் இன்னொரு முனையில் தெரிகிறது.

கேபிள் வந்ததும் மறுபடி போனோம். பழையதை உருவி, புதியதைப் புதிய உறையோடு செலுத்தி, எங்கள் குழாய்ச் சொக்கட்டால் பூட்டினோம். வளைவுகளில் கேபிள் எங்கும் மடியாமல் பெரிய வட்டமாகப் போகிறதா என்று பாஸ் தடவித் தடவிப் பார்த்தார். தண்டைச் சூழ்ந்த பெரிய துருத்தியையும் விரித்துப் பார்த்து மாற்றிவிடச் சொன்னார். அது கிழிந்தால் படகே மூழ்கும். காலை மாட்டினோம். அந்த மாதிரிக்குரிய 6 அங்குல அளவைக் கேபிள் முனையில் வைத்துச் சரிசெய்தோம். கடைசியில், டேப்பை உரித்து, அந்த வயரைச் சுவிட்சில் மாட்டும் வேலையை என்னிடம் கொடுத்தார்.

தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்த்த அந்தப் பிற்பகல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நக்கில்ஸ் மலைகளின்மேல் மேகம் கட்டியிருந்தது. வற்றிய நீரின் ஓரத்தில் பழைய தெல்தெனியவின் சுவர்களும் அத்திவாரங்களும் சேறு படிந்து வெளியே தெரிந்தன. அவற்றிலிருந்து தள்ளி, ஆழமான பக்கமாகப் போனோம். பாஸ் லீவரை நியூட்ரலுக்கு இழுத்தார். எஞ்சின் ஒருமுறை தும்மியது, ஓட்டம் தொடர்ந்தது. புரொப்பெல்லர் நின்றது. படகு தன் வேகத்தில் கொஞ்சதூரம் மிதந்து, மெல்ல அடங்கியது. ரிவர்ஸ் போட்டார். சிறு தட்டல், அவ்வளவுதான். மறுபடி நியூட்ரல், மறுபடி தும்மல். சொந்தக்காரர் தன்னை மறந்து கைதட்டினார். நான் அந்தத் தும்மலையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, மழை வந்து நீர் ஏறியிருந்தபோது, அதே படகுக்காக என்னைத் தனியாக அனுப்பினார். எஞ்சின் உறுமுகிறது, படகு நகரவில்லை. கியரில் போட்டால் மெதுவாகப் போகிறது, வேகம் கூட்டினால் சத்தம் மட்டும் ஏறுகிறது. வளையத்தின் பல் தேய்ந்து வழுக்குகிறது என்றே எனக்குப் பட்டது. காலைக் கழற்றும் எண்ணத்தில் ஸ்பெனரை எடுத்துவிட்டேன். பிறகு கையை அடக்கினேன். பல் வழுக்கினால் தட்டும், இடிக்கும், அமைதியாக வழுக்காது. அப்படியானால் வழுக்குவது எங்கே? ஒயிலை ஒரு சொட்டு இறக்கிப் பார்த்தேன். பால்நிறம் இல்லை, தண்ணீர் புகவில்லை. இரும்புத் தூளும் இல்லை. புரொப்பெல்லர் எஞ்சியிருந்தது. அதன் நடுவே, தண்டில் பூட்டும் உள்குழாய்க்கும் வெளி உடலுக்கும் இடையில் ஓர் இறுக்கமான ரப்பர் உண்டு. மரக்கட்டையிலோ பாறையிலோ இறக்கை மோதினால், பற்கள் உடையாமல் அந்த ரப்பர் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். உள்குழாயிலிருந்து வெளி உடல்வரை ஒரே நேர்கோடாகப் பெயின்ட் பூசினேன். காயவிட்டு, தண்ணீரில் ஓட்டிவிட்டுத் தூக்கிப் பார்த்தேன். கோடு இரண்டாக உடைந்து, உள்பாதி ஒருபுறம், வெளிப்பாதி மறுபுறம் நின்றது. முன்பு மூழ்கிய மரமொன்றில் மோதியிருக்கிறார்கள். ஒரு புரொப்பெல்லர் மாற்றியதோடு வேலை முடிந்தது. கராஜுக்குத் திரும்பிச் சொன்னபோது பாஸ் ஒன்றும் சொல்லவில்லை. தன் பிளேன்டீயைப் பாதி ஊற்றி என் பக்கம் நகர்த்தினார்.

அந்தச் சொந்தக்காரருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பல்லுக்கு வலிக்கும் என்று பயந்து, லீவரை மெள்ள மெள்ளத் தள்ளுவார். ஒவ்வொரு முறையும் நாலைந்து பல்லின் நுனி உரசி உரசித்தான் கவ்வும். பாஸ் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்: வேகத்தைக் குறையுங்கள், ஒரு நொடி பொறுங்கள், பிறகு தயங்காமல் ஒரே வீச்சில் போடுங்கள். தயங்கித் தயங்கிப் போட்டால்தான் பல் தேயும்.

இதை வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்துவிட்டு, "இதுக்குப் படகு வேணுமா?" என்றார். ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில் அவர் வேலை செய்தவர். எங்கள் ஊரில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே கூரைக்கடியில் நீளத்துக்கு ஒரு தண்டு ஓடும். அதிலிருந்து பட்டிகள் இறங்கி ஒவ்வொரு ரோலரையும் சுழற்றும். ஒவ்வொரு ரோலருக்கும் பக்கம்பக்கமாக இரண்டு புல்லிகள், ஒன்று தண்டோடு இறுகியது, மற்றது சும்மா சுற்றுவது. கவைக்கோலால் பட்டியைச் சும்மா சுற்றும் புல்லியிலிருந்து இறுகிய புல்லிக்குத் தள்ளினால் ரோலர் ஓடும். "ஒரே தள்ளா தள்ளணும்டா. பாதியிலே கையை நிறுத்தினா பட்டி ஓரம் நைஞ்சு போகும்" என்றார். முப்பது வருடம் அவர் செய்த வேலைக்கும் என் வேலைக்கும் உறவு இருக்கிறதென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அப்படிச் சொல்லிவிட்டு அவர் இருமினார். அது புதிதல்ல. சலிக்கும் அறையில் தேயிலைத் தூசி பஞ்சுபோலப் பறக்கும். அங்கே நின்று வந்த நாட்களில் இரவெல்லாம் இருமுவார். அம்மா ஒரு சிரப் போத்தலை எப்போதும் தயாராக வைத்திருப்பார். சிரப் குடித்தால் இருமல் அடங்கும், நாங்கள் நிம்மதியாகத் தூங்குவோம். அன்றிரவு அந்தப் போத்தலைப் பார்த்தபோது எனக்கு டேப் சுற்றிய வயர் நினைவுக்கு வந்தது. படுக்க முடியவில்லை.

மறுவாரம் அப்பாவைக் கண்டிக்கு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். இருமலைப் பற்றி அவர் ஒன்றிரண்டு கேள்விதான் கேட்டார். மற்றதெல்லாம் வேலையைப் பற்றி: எந்த அறை, எத்தனை வருடம், லீவு நாளில் எப்படி இருக்கிறது, மறுபடி போனால் எப்படி இருக்கிறது. பாதி பாதியாகப் பிரிக்கிறார் என்று புரிந்தது. லீவில் குறைகிறது, ஸ்டோருக்குப் போனால் கூடுகிறது. தேயிலைத் தூசியால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி இலங்கை மருத்துவர் சி. ஜி. உரகொட 1970இலேயே எழுதியிருக்கிறார் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. மருத்துவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அப்பா தோட்டத்தில் பேசி, சலிக்கும் அறையைவிட்டு, கொழுந்து வாடவைக்கும் மேல்மாடிக்கு வேலை மாற்றிக்கொண்டார். இருமல் முழுதாக விடவில்லை. ஆனால் இரவில் தூங்கினார். அதன் பிறகு பதினான்கு வருடம் எங்களோடு இருந்தார்.

பாஸும் இப்போது இல்லை. பின்னர் நான் வளைகுடா நாடொன்றில் படகுத்துறையில் ஒன்பது வருடம் வேலை செய்துவிட்டுக் கண்டிக்குத் திரும்பினேன். வளைகுடாவில் எல்லாக் கருவியும் விலைக்குக் கிடைத்தது. இருந்தாலும் அந்தக் குழாய்ச் சொக்கட்டை நான் விட்டுவிட்டுப் போகவில்லை. இப்போது என் கராஜில் இரண்டு பையன்கள் தொழில் பழகுகிறார்கள். ஒருவன் தெல்தெனியவிலிருந்து வருகிறான், வீட்டில் சிங்களம். மற்றவன் ஹந்தானைப் பக்கத்து லயத்துப் பையன். கியர் விழவில்லை என்று படகு வந்தால் அவர்கள் முதலில் ஸ்பெனரைத் தேடுகிறார்கள், நானும் ஒருகாலத்தில் தேடியதுபோல. நான் அவர்களை உட்காரவைத்து, என் விரல்களைக் கோத்துக் காட்டி, இழுக்கச் சொல்கிறேன். வரவில்லை என்கிறார்கள். ஒரு கணம் தளர்த்துகிறேன்.

சென்ற மாதம் ஒரு படகு வந்தது. நியூட்ரலுக்கு இழுத்தால் எஞ்சின் நின்றுவிடுகிறது என்றார் அதன் சொந்தக்காரர். சத்தம் போடாமல் செய்துவிட முடியாதா, நாளைக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்றும் கேட்டார். பையன்களில் சின்னவன் தகட்டுக்குமேல் குனிந்து அந்தச் சுவிட்சைப் பார்த்தான். வயரைத் தொட்டான். பிறகு கையை எடுத்துவிட்டு, இரண்டு கேபிள்களையும் தகட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினான். நான் எதுவும் சொல்லவில்லை. சொந்தக்காரரிடம் போய், நாளைக்கு முடியாது ஐயா, கேபிள் வரவேண்டும், விருந்தாளிகளுக்கு வேறு ஏற்பாடு பாருங்கள் என்றேன்.